ஏழு விளக்கு வீடு

அட, அந்த நாக்காலி வேணாம் நோகா, இப்படி என் பக்கத்துல வந்து உக்காரு. கதவத் தொறக்கிறப்பல்லாம் குளிர்காத்து நேரா முதுகுல அடிக்கும் அங்க. அது பெர்லாவோட எடம். அவளுக்குப் பழகிப்போச்சு.

என்ன பேசிட்டிருந்தோம்? ஆங், விளக்கு. நீயும் ஏமாந்தியா? வந்து இறங்கினதும் எல்லா ஜன்னல்லயும் விளக்கு வரிசையப் பாத்துட்டு, அடேங்கப்பா, ஸ்வீடன்ல இந்த மால்மோ ஊர் பூரா நம்ம யூத ஜனந்தான்னு நெனச்சிருப்ப. வெக்கப்படாத. டிசம்பர்ல வர்றவங்க எல்லாரும் ஒரு நாளாவது நெனச்சவங்கதான். அது கிறிஸ்துமஸுக்கு இவங்க வைக்கிற கரண்டு விளக்கு. எண்ணிப் பாரு, ஏழுதான் இருக்கும். நம்ம ஹனுக்கா பண்டிகைக்குன்னா ஒம்போது வேணும்ல? நீ நெனச்சதோட நின்ன. நம்ம பெர்லா போய்க் கதவையே தட்டிட்டா!

தெரியாதா உனக்கு? வருஷா வருஷம் இந்த ஜெபக்கூடத்துல நான் சொல்ற கதையாச்சே. மொராக்கோவுல காசபிளாங்கால இருந்து புருஷனோட அப்பத்தான் வந்திருக்கா. இருபத்திரண்டு வருஷம் இருக்கும். ஒரு ஆளத் தெரியாது, பாஷையும் தெரியாது. பண்டிகைக்கு மாவப் பொரிச்சு, சக்கரையத் தூவி, தட்டு நெறைய எடுத்துக்கிட்டு, விளக்கெரியிற வீட்டு வாசல்ல போய் நின்னுட்டா. சரியான பட்டிக்காட்டு ஜென்மம். என் பக்கத்து வீடுதான் அது.

சிரி, சிரி. எல்லாரும் சிரிப்பாங்க. அவளும் சிரிப்பா, அதான் எனக்குப் புரியவே மாட்டேங்குது.

கதவத் தொறந்ததும் இவ வாயெல்லாம் பல்லா, ஹாக் சமேயாக்னு நம்ம பண்டிகை வாழ்த்து சொல்றா. கால்ல வீட்டுச் செருப்பு, அதுக்குள்ள பனி. தட்டுல மூடின துணி நனைஞ்சு பலகாரத்தோட ஒட்டிக்கெடக்கு. உள்ள மாமியார்க்காரி காப்பி குடிச்சுக்கிட்டே யாருன்னு கேக்குறா. யாரோ பிச்சைக்காரின்னு பதில் போகுது. டப்புனு கதவு சாத்தியாச்சு. அந்த ஒரு வார்த்தை மட்டும் இவளுக்கு எப்படியோ புரிஞ்சிருச்சு. கதவு சாத்தறதுக்குள்ள காது ரெண்டும் செவந்துபோச்சு.

ம்? பாவமா? பாவம் பாத்தா பண்டிகை கொண்டாட முடியுமா?

இந்த வருஷம் நம்ம புது மதகுரு, ரப்பி, ஒரு கூத்து வச்சிருக்காரு. இன்னைக்குப் பண்டிகையோட கடைசி நாளுங்கிறதால, இந்த நாட்டுல தன்னோட மொத ஹனுக்காவப் பத்தி ஒவ்வொருத்தரும் பேசணுமாம். மொத ஆளு பெர்லா. ஹாலினா, உனக்குச் சந்தோஷந்தானேன்னு என்கிட்டயே கேக்குறாரு மனுஷன். பதினெட்டு வருஷமா மாதர் சங்கத் தலைவி நானு. கடைசித் திரி ஏத்துறது நானு. அவ வாயத் தொறந்தா எனக்கு என்ன மிச்சம்?

எதுக்கு இப்படி முழிக்கிற? என்ன? பக்கத்து வீட்டுல இருந்துகிட்டு செருப்புக்குள்ள பனிய எப்படிப் பாத்தேன்னா?

பரவால்லயே, புத்திசாலிதான் நீ. இத்தன வருஷத்துல ஒருத்திக்கும் கேக்கத் தோணல.

என் வீடுதான். கதவத் தொறந்தது நாந்தான். லெனார்ட்டுன்னு ஒரு கிறிஸ்தவனக் கட்டிக்கிட்டு, நான் யூதப் பொண்ணுன்னு அவன் அம்மாகிட்ட மூச்சு விடாம இருந்த காலம். போலந்துல, லோட்ஸ்ல, எங்கம்மா அப்படித்தான் வளத்தா, யார் கேட்டாலும் இல்லன்னு சொல்லுன்னு. இவ வாழ்த்து சொன்னதும் என் வாய் தானா, ஹாக்னு பாதி சொல்லிருச்சு. மீதிய முழுங்கிட்டேன். அவ கேட்டுட்டா. நான் யாருன்னு அந்த நிமிஷமே தெரிஞ்சுபோச்சு அவளுக்கு.

அப்புறம் லெனார்ட் விட்டுட்டுப் போனான். நாதியத்துப் போய் இங்க வந்தேன். வந்தா, அடுப்புகிட்ட இவ நின்னு பொரிச்சுக்கிட்டிருக்கா. ஒரு பார்வை. மொதப் பலகாரத்த என் தட்டுல வச்சா. இன்னைக்கு வரைக்கும் மொதப் பலகாரம் எனக்குத்தான். அதத் தின்னு பாரு ஒரு தடவை, நெருப்ப முழுங்கின மாதிரி இருக்கும். திட்டித் தொலைச்சிருந்தாலாவது அவளுக்கும் எனக்கும் ஆகாதுன்னு போயிருப்பேன். அதான், அவ சொல்றதுக்கு முன்னால நானே சொல்லிடறேன், பக்கத்து வீடுன்னு. அவளக் கோமாளியாக்கிட்டா, பின்னால உண்மையச் சொன்னாலும் யாரு நம்புவா?

நீ யார்கிட்டயாவது சொல்லப் போறியா? சொல்லு. நேத்து வந்தவ நீ. நீ குடியிருக்கிற வீடு யாரு பிடிச்சுக் குடுத்தது, அதையும் சேத்துச் சொல்லு.

இந்தா, வந்துட்டா. தட்டோட நேரா இங்கதான் வர்றா பாரு. வா பெர்லா, வா வா! உன் கதையத்தான் இந்தப் புள்ளைக்குச் சொல்லப்போறேன். எல்லாரும் கிட்ட வாங்கப்பா, ரப்பி நீங்களும் வாங்க.

நோகா, நீதான் மொதல்ல சிரிக்கணும்.