ராணியின் பித்தளை வில்லை

நீலமேகம் எனக்குத் தரவேண்டியிருந்தது ஆறு ரூபாய் நாலணா. அதைத் தவிர எங்களுக்குள் எந்த மனத்தாங்கலும் கிடையாது. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், ஐயா. விரோதத்தில் செய்ததாக நினைத்துவிடக் கூடாது.

நான் கோதண்டம். ஐம்பதாம் வருஷத்திலிருந்து கல்மண்டபம் பக்கம் கார்ப்பரேஷனின் நாய் பிடிக்கிற வண்டி தள்ளுகிறேன். கழுத்தில் பித்தளை வில்லை இருந்தால் வீட்டு நாய், தொடக்கூடாது. இல்லாவிட்டால் தெரு நாய். தலைக்கு எனக்கு நாலணா கூலி. உரியவர் ஒரு ரூபாய் அபராதம் கட்டினால் மீட்டுக்கொள்ளலாம். கட்டாவிட்டால் மூன்றாம் நாள் சாயந்திரம் கரண்டுப் பெட்டியில் ஏற்றிக் கொன்றுவிட வேண்டும்.

நீலமேகம் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன், எனக்கு அடுத்த வீடு. பிள்ளை குட்டி இல்லை. சம்சாரம் மலர்க்கொடியும், ராணி என்ற செவலை நாயும்தான். கடனைக் கேட்டால் சிரிப்பான். சிரிக்கிறவனிடம் எத்தனை முறை கேட்பது? அவனைத் தொந்தரவு செய்யாமல் நாயிடம் வசூலித்துக்கொள்ள முடிவு செய்தேன். ரூபாய்க்கு நாலு பிடி, மொத்தம் இருபத்தைந்து. விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன், சரியாக வந்தது.

ராணிக்கு என்னை நன்றாகத் தெரியும். நான் வில்லையை அவிழ்க்கும்போது கழுத்தைத் தூக்கிக் காட்டும். சுருக்குக் கம்பிக்கு வேலையே இல்லை; தானாக வண்டியில் ஏறிக்கொள்ளும்.

முதல் நாளே நீலமேகம் ஓடிவந்தான்.

"இன்னா மாமு, நம்ம ராணியப் போயி புட்சிகினு வந்துகீறே?"

"வில்ல இல்லியே நைனா. வுட்டா என் வேல பூடும்."

"எந்தக் கய்தடா அவுத்துகினு போறான்? மாட்டட்டும், கைய ஒட்ச்சிர்றேன்."

நானும் சேர்ந்து அந்தக் கழுதையைத் திட்டினேன். பிறகு நீலமேகம் தலையைச் சொறிந்தான்.

"ஒரு ரூவா கீதா மாமு? ஃபைன் கட்டணும்."

கொடுத்தேன். நாய் வெளியே வராவிட்டால் அடுத்த பிடிக்கு எங்கே போவது? மறுநாள் வில்லையைத் தெருவில் கண்டெடுத்ததாகக் கொண்டுபோய்த் தந்தேன். சந்தோஷத்தில் டீக்கடைக்கு அழைத்துப் போனான். காசு நான்தான் கொடுத்தேன்.

இப்படி எட்டு முறை. அதுவரை ராத்திரிப் பள்ளியில் எனக்குக் கூட்டல்தான் சொல்லித் தந்திருந்தார்கள். கழித்தல் பாடம் வந்த அன்றுதான், பிடிக்கு நாலணா வருகிறது, ஒரு ரூபாய் போகிறது என்பது பிடிபட்டது. கடன் பதினாலு ரூபாய் நாலணா ஆகியிருந்தது.

ஒன்பதாவது முறை பிடித்தபோது, கையில் இல்லை என்று சொல்லிவிட்டேன். இருந்தது. மூன்று நாளும் வந்து கேட்டான்.

மூன்றாம் நாள் மணி ஐந்து. அந்தப் பெட்டியையும் இன்னொரு வண்டி என்று ராணி நினைத்திருக்க வேண்டும், தானாக ஏறியது. கதவை மெதுவாகத்தான் சாத்தினேன். வால் மாட்டிக்கொள்ளக் கூடாதே.

ஐந்தே காலுக்கு நீலமேகம் மூச்சிரைக்க வந்தான். மலர்க்கொடியின் கொலுசை அடகு வைத்திருக்கிறான்.

"பழைய பாக்கி பதினாலே கால், எண்ணிக்கோ மாமு. இந்த ஒரு ரூவா ராணிக்கு. பாக்கியக் குடுக்காம உன்னப் பேஜார் பண்ணிகினே இருந்துட்டேன்."

எண்ணி வாங்கிக்கொண்டேன். நாயால் வந்த இரண்டே கால் ரூபாயைக் கழிக்கவில்லை. அது ஆபீஸ் கொடுத்த கூலி. எண்ணி முடித்த பிறகுதான் விஷயத்தைச் சொன்னேன்.

பணத்தை மடியில் செருகும்போது வில்லை கீழே விழுந்துவிட்டது. நீலமேகம் குனிந்து எடுத்தான். வில்லையையும் என் மடியையும் மாறி மாறிப் பார்த்தான். கையை ஒடிப்பதாகச் சொல்லியிருந்தானே, ஒடிக்கவில்லை. அதனால்தான் இதை நானே எழுத முடிகிறது.

கடன் அன்றோடு தீர்ந்தது. ராணிக்கென்று கொண்டுவந்த ஒரு ரூபாயை மட்டும் அவன் கையிலேயே திருப்பி வைத்தேன். எனக்கு உரிமையில்லாததை நான் தொடுகிறவன் இல்லை, ஐயா.