ஆர்லீனின் கைகள்

— மோதிரத்தக் கழட்டி இங்க வச்சிடு, டெல்பா. இன்னிக்கு உன் கை வேண்டாம்.

— வேண்டாம்னா? ஷூட்டிங் சாயங்காலத்துக்குத் தள்ளிப் போச்சா?

— சாயங்காலமும் வேண்டாம், இனிமேலும் வேண்டாம். நான் போயி கேமரா முன்னாடி உக்காந்து, இத்தன வருஷம் நம்ம நிகழ்ச்சியப் பாத்ததுக்கு நன்றின்னு ரெண்டு வார்த்த சொல்லிட்டு எந்திரிச்சிடுவேன். நிறுத்திடலாம்னு முடிவு பண்ணிட்டேன்.

— காலையில காபி குடிச்சியா இல்லியாக்கா நீ?

— குடிச்சேன்.

— பின்ன என்ன பேச்சு இது? இங்க பாரு, போர்வைக்கு அஞ்சு துணிக் கட்டம் தச்சு எடுத்துட்டு வந்திருக்கேன். துணி வெட்டுனது ஒண்ணு, குண்டூசி குத்துனது ஒண்ணு, பாதி தச்சது ஒண்ணு, இஸ்திரி போட்டது ஒண்ணு, முடிச்சது ஒண்ணு. நீ ‘இப்படித் தச்சா இப்படி வரும்’னு சொல்லிக்கிட்டே ஒவ்வொண்ணா எடுத்துக் காட்டணுமே, அதுக்காகப் புதன்கிழம சர்ச்சுக்குக்கூடப் போகல. பாஸ்டர் சம்சாரம் போன் பண்ணி உடம்பு கிடம்பு சரியில்லையான்னு கேக்குறா. எங்கக்கா டி.வி.யில ஒட்டுப்போர்வ தைக்கணும், அதுக்கு நான் வீட்டுல உக்காந்து தச்சிட்டிருக்கேன்னு அவகிட்டச் சொல்ல முடியுமா? பல்லு வலின்னு ஒரு பொய்யச் சொன்னேன்.

— அந்த மேசையில வைக்காத. அது எர்வினோட தக்காளி நாத்து.

— தோட்டம் போடுறவனுக்கும் நமக்கும் ஒரே மேக்கப் ரூம். எரு வாசனையோட பவுடர் பூசிக்கணும்னு நம்ம தலையெழுத்து. சரி, பேச்ச மாத்தாத. ஏன் நிறுத்துற?

— களைச்சுப் போச்சுடி.

— போன ஞாயித்துக்கிழம என் வீட்டுல சோளரொட்டி தின்னுக்கிட்டு, அடுத்து நட்சத்திரக் கட்டம் எடுக்கலாம், அதுக்கு மஞ்சள் துணி பத்தாது, பைக்வில் போய் வாங்கிட்டு வரணும்னு பேசுனது யாரு? அப்பல்லாம் களைப்பு வரல, திங்கக்கிழம வந்திருச்சா?

— கை ரொம்ப மோசமாயிடுச்சு. நேத்து சட்டப் பித்தான் போட முடியல.

— எனக்குப் போன் பண்ண வேண்டியதுதானே, வந்து போட்டிருப்பேன். ஆனா அக்கா, உன் கை மோசமானா நிகழ்ச்சிக்கு என்ன? உன் கைய யாரு பாக்குறா? நாலு வருஷமா உன் மூஞ்சி, என் கை. நீ பேசும்போது உன் கை மடியில கெடக்கு. நீ எந்திரிச்சுப் போனப்புறம் நான் அதே நாற்காலியில, அதே சட்டையப் போட்டு, உன் மோதிரத்த மாட்டிக்கிட்டு உக்காந்து தைக்கிறேன். மேல தொங்குற கேமரா என் மணிக்கட்டுக்கு மேல பாக்குறதே இல்ல. அப்பாவுக்கு வந்த அதே நடுக்கம், இதுக்கு மருந்தில்லன்னு லெக்சிங்டன் டாக்டர் சொன்னாரே, நிறுத்தறதா இருந்தா அன்னிக்கு நிறுத்தியிருக்கணும்.

— அன்னிக்கே நிறுத்தத்தான் பாத்தேன். லோவெல் விடல.

— டைரக்டர்னா அவன்தான் டைரக்டர். மொதல்ல ஆபீஸ்ல இருந்த சின்னப் பொண்ண உக்கார வச்சுப் பாத்தானே, ஞாபகமிருக்கா? மறுவாரமே ஜனங்க எழுதிட்டாங்க, இது ஆர்லீன் கை இல்லியே, அந்தக் கோணச் சுண்டுவிரல் எங்கன்னு. அதுக்கப்புறம்தானே என்னத் தேடி வந்தீங்க. நமக்கு ரெண்டு பேருக்கும் அப்படியே அப்பா கை. சின்ன வயசுல கதவுக்குப் பின்னாடி நின்னு கைய மட்டும் நீட்டுவோம், அம்மா எந்தக் கழுதடா இதுன்னு கேட்டுட்டுத்தான் ரொட்டிய வைப்பா.

— வாய்க்கு ஓய்வே கெடையாதா உனக்கு?

— கெடையாது. கடையில ஒரு பொம்பள உன் கையப் புடிச்சு, சாமி தந்த கை, சாமி தந்த கைன்னு கண்ணுல ஒத்திக்கிட்டாளே, உன் கை என்னடான்னா அவ கைக்குள்ள கோழிக்குஞ்சாட்டம் துடிக்குது. குளிருதா பாவம்னு தன் கோட்டக் கழட்டிக் குடுக்க வந்தா. நான் பக்கத்துல வண்டியத் தள்ளிக்கிட்டு, சிரிப்ப அடக்க முடியாம உருளக்கிழங்கு மூட்டைக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டேன்.

— எனக்குச் சிரிப்பு வரல.

— வந்துச்சு. வண்டியில ஏறினதும் நீதான் மொதல்ல சிரிச்ச.

— டெல்பா, கேளு. போதும். நாம ஆசைப்பட்டத விட ரொம்ப நாள் ஓடிடுச்சு.

— நீ ஆசைப்பட்டத விடன்னு சொல்லு. உனக்கு ஊரெல்லாம் பேரு இருக்கு. எனக்கு? பள்ளிக்கூடத்துச் சமையல்கட்டுல இருபத்தாறு வருஷம் கரண்டி புடிச்சேன், ஒரு புள்ளைக்காவது என் பேரு தெரியுமா? எம்புருஷன் விர்ஜில் செத்தப்புறம் வீட்டுல என்னப் பாக்க ஒரு நாய்கூட இல்ல. இப்ப சனிக்கிழமையானா பக்கத்து வீட்டு ஷர்லீன் வீட்டுக்குப் போயி டி.வி. முன்னாடி உக்காருவேன். அவ, அந்தக் கையப் பாரேன் டெல்பா, எப்படி ஓடுது பாரேன், உங்கக்கா குடுத்து வச்சவ, அப்படிம்பா. நான் ஆமா ஆமான்னு தலைய ஆட்டிக்கிட்டு, இந்தக் கைய மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். அதுக்கப்புறம் எர்வினோட தோட்டம், அதுக்கப்புறம் பாஞ்சோ வாசிக்கிறவங்க வருவாங்க. எதுவும் என் காதுல ஏறாது. வாரம் பூரா எனக்கு அந்த அரை மணி நேரம் போதும். அதப் போயி நிறுத்துறேங்குற.

— தெரியும்டி. எனக்குத் தெரியாதா?

— தெரிஞ்சுமா நிறுத்துற?

— ஊசியில நூல் கோக்க இப்பல்லாம் உனக்கு ரொம்ப நேரமாகுது.

— கண்ணு. கண்ணாடி மாத்தணும். அதுக்கும் நிகழ்ச்சிக்கும் என்ன?

— தையல் முன்ன மாதிரி இல்ல.

— என்ன சொன்ன?

— உன் தையல் முன்ன மாதிரி இல்லன்னு சொன்னேன். கோணலா போகுது. நீளம் ஒண்ணு போல இல்ல. என் பேருல வர்றது, நாலு பேரு பாக்குறது. அதான் வேண்டாங்குறேன். போதுமா?

— அக்கா, நீ என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு.

— பாத்துத்தான் சொல்றேன்.

— இல்ல, கண்ணாடியப் பாத்துச் சொல்ற. என் தையல் கோணலா? கவுன்டி சந்தையில மொதப் பரிசு நீல ரிப்பன் வாங்குன தையல்டி இது. உன்ன ‘டி’ போட்டுப் பேச வச்சிட்ட பாரு. உண்மையச் சொல்லட்டுமா? உனக்குப் பொறுக்கல. வர்ற கடுதாசியெல்லாம் கை அழகு, கை அழகுன்னு வருது. ஆர்லீன் மூஞ்சி அழகு, பேச்சு அழகுன்னு ஒருத்தரும் எழுதல. எழுதுறதெல்லாம் என் கைக்கு, வாங்கிப் படிக்கிறது நீ. அது உள்ள அரிச்சுக்கிட்டே இருக்கு உனக்கு.

— ஆமா.

— என்ன ஆமா?

— பொறாமைதான். அப்படியே வச்சுக்கோ. இப்ப மோதிரத்தக் கழட்டிக் குடுத்துட்டு வீட்டுக்குப் போ, தாயி.

— இப்படி ஒத்துக்குற ஆளில்லியே நீ. அறுபத்தொரு வயசுல இன்னிக்கு வரைக்கும் எங்கிட்ட ஒரு விஷயத்துல தப்புன்னு ஒத்துக்கிட்டதில்ல. அக்கா, வேற என்னமோ இருக்கு. ஸ்டேஷன்ல யாராச்சும் என்னப் பத்திச் சொன்னாங்களா? கையி வேற, மூஞ்சி வேறன்னு ஊருக்குத் தெரிஞ்சு போச்சா?

— ஒண்ணும் தெரியல. யாரும் ஒண்ணும் சொல்லல.

— தெரிஞ்சாத்தான் என்ன, நாமளே சொல்லிடலாமே. கைக்கு உதவினது தங்கச்சின்னு கடைசியில ஒரு வரி போட்டா போதும். ஜனங்க கோவிச்சுக்க மாட்டாங்க. அழுவாங்க. நல்லதுக்குத்தான் அழுவாங்க.

— ஆர்லீன்மா, உள்ள வரலாமா? லைட்டெல்லாம் போட்டாச்சு. பக்கத்து ஸ்டுடியோவுல பாஞ்சோக்காரங்க வேற சுருதி சேக்குறாங்க, அவங்க ஆரம்பிக்கிறதுக்குள்ள எடுத்துட்டா சத்தம் இல்லாம இருக்கும்.

— வரேன் லோவெல். ரெண்டு நிமிஷம்.

— லோவெல், போகாத. உள்ள வா. என் தையல் கோணலா இருக்குன்னு அக்கா சொல்லுது. நீதான எடுத்த படத்தையெல்லாம் உக்காந்து வெட்டி ஒட்டுற. கோணலா இருக்கா?

— வந்து... டெல்பாம்மா, அது...

— லோவெல், நீ போயி வேலையப் பாரு.

— இருக்கா இல்லியா? வாயில கொழுக்கட்டையா வச்சிருக்க?

— கோணல்னு சொல்ல முடியாதும்மா. போன மாசம் எடுத்ததுல ஒரு கொஞ்சம் மட்டும்... திங்கக்கிழம ஆர்லீன்மா வந்து பாத்தாங்க. வேண்டாம்னு சொன்னாங்க, அத ஓரமா வச்சிருக்கேன்.

— பாத்தியா, திங்கக்கிழம. அத எனக்குப் போட்டுக் காட்டு.

— வேண்டாம் டெல்பா.

— என் தையல நான் பாக்கக் கூடாதா? தப்பா இருந்தா நானே ஒத்துக்கிட்டு, மோதிரத்தக் கழட்டி உன் கையில குடுத்துட்டுப் போயிடறேன். அப்புறம் வாயே தொறக்க மாட்டேன். தப்பில்லன்னா நிகழ்ச்சி நடக்கும். சரிதானே? நட லோவெல், எடிட்டிங் ரூமுக்குப் போவோம்.

— டெல்பா, ஒரே ஒரு தடவ நான் சொல்றதக் கேளு. சின்ன வயசுலயிருந்து ஒண்ணுகூடக் கேட்டதில்ல நீ. இத மட்டும் கேளு. வீட்டுக்குப் போ.

— அழுறியா நீ? நல்லாருக்கு. திட்டுனது நீ, அழுறதும் நீயா? வா, நீயும் வந்து பாரு.

— ஆர்லீன்மா, நான் என்ன செய்யட்டும்?

— என்னத்தச் செய்வ? நானும்தான் என்னத்தச் செய்யுறது. போடு.

— கதவச் சாத்து லோவெல், வெளிச்சத்துல ஒண்ணும் தெரியல. ஆங். இது அந்த ஊதாத் துணிக் கட்டம்.

— ஆமாம்மா. இங்கருந்து ஓடுது.

— பாரு. பாருக்கா. எங்க கோணல்? தையல் எப்படி வரிசையா போகுது பாரு, எறும்பு போற மாதிரி. மூலையில திருப்பும்போதுகூட ஒரு சுருக்கம் இல்ல. இதப் போயி... லோவெல், நிறுத்து. கொஞ்சம் பின்னாடி போ. இன்னும் கொஞ்சம். அங்க.

— போதும் லோவெல். அணைச்சிடு.

— இரு. ஊசிய வெளிய இழுத்ததும் நூல் ஆடுது பாரு. சுண்டுவிரல் தானா துடிக்குது. கட்டவிரலும் துணியப் புடிக்க முடியாம... லோவெல், என்ன வேல பாத்து வச்சிருக்க நீ? இது அக்கா கை.

— டெல்பாம்மா...

— முழிக்காத. எனக்குத் தெரியாதா? இந்த நடுக்கத்த அப்பா சாப்பாட்டுத் தட்டுல பாத்தவ நான். ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழம அக்கா கையிலயும் பாக்குறேன். அன்னிக்கு மோதிரத்த மேசையிலயே வச்சிட்டுத்தான சாப்பிடப் போனேன். அக்கா, நீ போயி அந்த நாற்காலியில உக்காந்து தச்சுப் பாத்தியா? ஆசைக்கு? கேமரா ஓடிட்டிருந்தது தெரியாம?

— டெல்பா, கண்ணு...

— அதுக்குத்தானா இவ்வளவும்? இத ஊரே பாத்துடுமேன்னு பயந்து, களைப்புங்குற, கோணலுங்குற, பொறாமைங்குற. நானும் உன்ன வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா முடிஞ்சு போயிருக்கும்ல? நீ ஒரு நாள் ஆசைப்பட்டு ஊசியப் புடிச்சா அது என்ன குத்தமா? அழாதக்கா. போட்ட பவுடரெல்லாம் போகுது பாரு. அதான் நான் இருக்கேன்ல, உனக்குக் கையா நான் இருக்கேன். லோவெல், அக்கா கைய எடுத்துட்டு, அன்னிக்கு நான் தச்சதப் போடு.

— டெல்பாம்மா, அன்னிக்கு எடுத்தது...

— என்ன நிக்குற? என் கை எங்க? அதப் போடு.

— இதுதாம்மா அது.