நாலாம் நம்பர் குழலில் துரு இல்லை

மழைக்காலம் பிறந்தால் என் வலது தோள்பட்டை கழன்று விழுகிறாற்போல வலிக்கும். இருபது வருஷமாகக் கம்பியில் துணி சுற்றித் துப்பாக்கிக் குழலுக்குள் விட்டு இழுத்த தோள். இராயபுரம் கிடங்கில் காவல் துப்பாக்கி எட்டும் என் பொறுப்பு. அந்தக் கடற்காற்று இரும்பை இரண்டே நாளில் தின்றுவிடும். என் கையில் ஒன்றுகூடத் துருப்பிடித்ததில்லை. துருவால்தான் குழல் வெடித்தது என்று விசாரணை அறிக்கையில் எழுதியிருக்கிறீர்களாம், ஐயா. அதைத் திருத்தச் சொல்லத்தான் வந்தேன்.

ஐப்பசியிலிருந்து கப்பல் வரத்துக் குறையும். துப்பாக்கிகளைப் பெட்டியில் அடுக்கிவிடுவோம். குழல் வாயை மரக்கட்டையால் அடைத்தால் உள்ளே வேர்த்துத் துரு ஏறும். அதனால் கொழுப்பும் மெழுகும் காய்ச்சிக் குழலில் ஊற்றி இறுகவிடுவேன். தோட்டா வைக்கிற அடிப்பக்கத்துக்கு எண்ணெய் போதும். விசையில் ஒரு சிவப்புத் துணி கட்டுவேன். துணி இருந்தால் உள்ளே அடைப்பு இருக்கிறது, தொடக்கூடாது. துணி இல்லையென்றால் சுடலாம். காவலாட்கள் யாரும் குழலுக்குள் எட்டிப் பார்ப்பதில்லை. துணியைத்தான் பார்ப்பார்கள்.

கார்த்திகையில் கூலியாட்கள் வேலையை நிறுத்தினார்கள். துப்பாக்கிகளை எடுக்கச் சொல்லித் துரை ஆளனுப்பினார். ஏழு துப்பாக்கிகளை வெந்நீர் ஊற்றிக் கழுவினேன். நாலாம் நம்பரில் துணியை மட்டும் அவிழ்த்தேன்.

அது காவலாட்களின் தலைவர் ஜமேதார் சுப்பராயனுடையது. போன வருஷம் இதேபோல ஆட்கள் கூடியபோது, என் தம்பி ஜெயவேலை அதை வைத்துத்தான் சுட்டுக் கொன்றார். அன்று சாயங்காலம் அந்தக் குழலை நான்தான் துடைத்தேன். கரி தங்கினால் துருப்பிடிக்கும்.

மறுநாள் காலையில் சுப்பராயனுக்குக் காய்ச்சல். அவருக்குப் பதிலாகக் காவலாள் கஸ்பார் வந்து நாலாம் நம்பரை எடுத்தான்.

"இன்னா நைனா, இது துப்பாக்கியா, கண்ணாடியா? மூஞ்சி பாத்து சவரம் பண்ணிக்கலாம் போல கீது."

"கூட்டம் ஜாஸ்தியா கீதாடா?" என்றேன்.

"இருந்தா இன்னா? அல்லாரும் நம்ம ஆளுங்கோ. வானத்தப் பாத்து ஒண்ணு போட்டுட்டு வூட்டுக்குப் போயினே இருப்பேன். வியாகுலம் வஞ்சிரக் கொழம்பு வெச்சுகினு கீறா."

அவன் வாசலைத் தாண்ட நாற்பது அடி இருந்தது. கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் சுப்பராயனுக்கு விஷயம் தெரிந்துவிடும். அதற்கப்புறம் என் கையில் துப்பாக்கியைக் கொடுக்கமாட்டார்கள். நான் எண்ணெய்ச் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

சொன்னபடியே வானத்தைப் பார்த்துத்தான் சுட்டான். குழல் அவன் முகத்தோடு பிளந்தது.

சாவு வீட்டில் அவன் பெண்சாதி வியாகுலம்மாள் என்னைத்தான் கேட்டாள். "துரு இருந்துச்சா நைனா?"

"இல்லம்மா" என்றேன். நான் பொய் சொல்லவில்லை.

வெடித்த துண்டுகளைத் துடைத்துப் பாருங்கள், ஐயா. உள்பக்கம் வெள்ளிபோல இருக்கும். கஸ்பார் நல்ல பிள்ளை. அவன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. சுப்பராயன் காய்ச்சல் தெளிந்து வேலைக்கு வந்துவிட்டார். என் தம்பிக்கு நான் பட்ட கடன் அவருடைய உயிர். அது இன்னும் பாக்கி நிற்கிறது.