விரித்த சிறகின் நீலம்

எனக்குக் கூச்சம் அதிகம். பறவைகள் பதில் எதிர்பார்ப்பதில்லை. அதனால்தான் விலங்கியல் படித்துவிட்டு சனெட்டி மேட்டில் வாத்துகளைக் கவனிக்கும் வேலைக்கு வந்தேன்.

நீலச்சிறகு வாத்து எத்தியோப்பிய மலைகளில் மட்டும்தான் இருக்கிறது. அதுவும் குறைந்துகொண்டே வருகிறது. பார்க்கச் சாம்பல் நிறம். சிறகை விரித்தால்தான் நீலம் தெரியும். அடைகாக்கும்போது விரிக்காது.

மெஸ்ஃபினுக்கு நீலம் வேண்டியிருந்தது. அடிஸ் அபாபாவில் பெயர்பெற்ற புகைப்படக்காரர். போன வருடம் நான் கண்டுபிடித்த கூட்டுக்கு அவரை அழைத்துப் போனேன். கல்லெறிந்து வாத்தை எழுப்பினார். படம் கிடைத்தது. வாத்து திரும்புவதற்குள் அண்டங்காக்கைகள் முட்டைகளைத் தின்றுவிட்டன. அழுதேன்.

"என்ன நூரியா, ஆம்லெட் போச்சேன்னு அழுறியா?" என்றார் மெஸ்ஃபின்.

சாமான் ஏற்றிவந்த குதிரைக்காரர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவர்கள் என் ஊர்க்காரர்கள். அந்தப் படத்துக்குப் பரிசு கிடைத்தது.

இந்த வருடமும் வந்தார். "போன தடவை மாதிரி ஒரு கூடு காட்டு தங்கச்சி. அழாம காட்டணும்."

காட்டினேன்.

வளையெலி மண் தள்ளியிருந்தால் அங்கே தரை காய்ந்திருக்கும், காலை வைக்கலாம். மண்குவியலே இல்லாமல் பச்சைப்பசேல் என்றிருந்தால் அடியில் சேறு. எங்கள் ஊர்க் குழந்தைக்கும் இது தெரியும். கூட்டுக்குக் குவியல்களை ஒட்டியே சுற்றுவழி ஒன்று உண்டு. நான் நேர்வழியைக் கைகாட்டிவிட்டு, கடைசிக் குவியலில் நின்றுகொண்டேன்.

"மெத்தை மாதிரில்ல இருக்கு" என்றார். இரண்டாவது எட்டில் இடுப்புவரை இறங்கினார். முதலில் சிரித்தார்.

"கையக் குடு, சீக்கிரம்."

"அசையாதீங்க அண்ணே. பறவை எழுந்திரும்."

கேமராவை என்னிடம் நீட்டி, அதன் வாரைத் தன் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு இழுக்கச் சொன்னார். கேமராவை வாங்கிக்கொண்டு வாரின் கொக்கியைக் கழற்றினேன்.

"வெளையாடாதம்மா" என்றார். அதுவரை என்னை அவர் அம்மா என்று சொன்னதில்லை.

குதிரைக்காரர்களை அடுத்த மேட்டிலேயே நிறுத்திவிட்டு வந்திருந்தேன். ஓடிப்போய்ச் சொல்லியிருந்தால் கயிற்றோடு வந்திருப்பார்கள். நான் நகரவில்லை. பனியாய்க் குளிரும் அந்தத் தண்ணீர் மார்பைத் தொட்டால் குரல் தானாகவே அடங்கிவிடும். அடங்கியது. இதை விபத்து என்று எழுத வேண்டாம், ஐயா. நான்தான் கொன்றேன். முட்டைகளுக்காகச் செய்தேன். வேறு காரணம் இல்லை.

குரல் அடங்குமுன் அவர் போட்ட கூச்சலில் வாத்து கூட்டைவிட்டு எழுந்தது. இரண்டு சிறகும் முழுதாக விரிந்தன.

இந்தக் கூட்டின் முட்டைகள் என்னவாயின என்று கேட்கிறீர்கள். தெரியாது. நான் எடுத்த படம் தெளிவாக விழுந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.