மருந்தடித்த சுவரின் பாசி

லிங்கராஜபுரத்தில் மழைக்காலம் வந்தால் பாசி படியாத சுவர் கிடையாது. உங்களுக்குத் தெரியாததா, ரெமிஜியஸ்? ஐந்து வருஷம் கழித்து வந்து, டோரீன் ஏன் உங்களை வேண்டாம் என்றாள் என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன், உட்காருங்கள். குரலை மட்டும் உயர்த்தாதீர்கள். உள்ளறையில் அவள் தூங்குகிறாள்.

அம்மா இறந்துபோனபோது என் தங்கை டோரீனுக்குப் பதினொரு வயது. இளம்பிள்ளை வாதத்தில் இரண்டு கால்களும் அதற்கு முன்பே போய்விட்டன. எனக்கு வந்த இரண்டு வரன்களையும் நானே திருப்பி அனுப்பினேன். குளிப்பாட்டியது, ஞாயிற்றுக்கிழமை பூசைக்குத் தூக்கிப் போனது எல்லாம் நான்தான். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை.

ஐம்பத்தெட்டாம் வருஷம் நீங்கள் வந்தீர்கள். நீங்கள் வேலை பார்த்த காலேஜ் லேபில் அறுக்க வைத்திருந்த தவளைகளில் ஒன்றைத் தப்பவைத்து, கண்ணாடித் தொட்டியோடு அவள் ஜன்னலில் கொண்டுவந்து வைத்தீர்கள். அது கத்தினால் அவள் சிரிப்பாள். காலையில் என் முகத்தைப் பார்க்குமுன் தொட்டியைப் பார்த்தாள். சனிக்கிழமைகளில் வாசலைப் பார்த்தாள்.

தொட்டிக்குப் பாசி கொண்டுவருவது என் வேலை. அன்றைக்கே எச்சரித்தீர்கள்: "அக்கா, கண்ட எடத்துல பாசி எடுக்காதீங்க. மலேரியா ஆளுங்க கொசு மருந்து அடிச்சிருப்பாங்க. தவளை தோலாலதான் தண்ணி குடிக்கும், வெஷம் நேரா உள்ள போயிடும்."

நன்றாகச் சொல்லிக்கொடுத்தீர்கள். எங்கள் பின்சுவரில் மருந்தடித்த மறுநாள், வெள்ளை படிந்த பாசியாகப் பார்த்துச் சுரண்டி எடுத்தேன். கழுவவில்லை. கொஞ்சம் தொட்டியில் பரப்பிவிட்டு, மீதியை ஒரு டப்பாவில் மூடி வைத்தேன். மூன்றாம் நாள் தவளை மல்லாந்து கிடந்தது. கால்கள் வெட்டி வெட்டி இழுத்தன. டோரீன் என் மடியில் முகம் புதைத்து அழுதாள். எத்தனை மாதத்துக்குப் பிறகு!

நீங்கள் இரண்டாவது கொண்டுவந்தீர்கள். அதற்கும் டப்பாவைத் திறந்தேன். மூன்றாவதற்கும்.

மூன்றாவது செத்த அன்று அவள் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் தொட்டுத் தொட்டுப் பாக்குறதாலயா அக்கா?" என்றாள்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம்.

"உன் கை அப்படிம்மா," என்றேன். "அம்மாகூட கடைசியா உன் கையத்தான் புடிச்சிட்டு இருந்தாங்க."

அடுத்த வாரம் நீங்கள் கல்யாணப் பேச்சை எடுத்தீர்கள். "முடியாது, போயிடுங்க" என்றாளே, அது உங்கள் உயிரைக் காப்பாற்ற. நீங்களும் மைசூருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனீர்கள். நன்றாகத்தானே இருக்கிறீர்கள்?

பாவசங்கீர்த்தனத்தில் ஃபாதரிடம்கூட இதை நான் சொன்னதில்லை. மன்னிப்புக் கேட்கும் காரியமாக எனக்குத் தோன்றவில்லை. மூன்றே மூன்று தவளை. உங்கள் காலேஜில் ஒரு காலைப் பொழுதில் அதைவிட அதிகம் அறுப்பீர்கள். என்னை அப்படிப் பார்க்க வேண்டாம். நீங்கள் அவளை எத்தனை வருஷம் தூக்கிச் சுமந்திருப்பீர்கள்? நான் பதினாறு வருஷமாகச் சுமக்கிறேன்.

நாங்கள் சந்தோஷமாக இருக்கிறோம். சாப்பாட்டைக்கூட நான்தான் ஊட்டுகிறேன். கைகளை அவள் போர்வைக்குள்ளேயே வைத்துக்கொள்கிறாள். இந்த ஐந்து வருஷத்தில் ஒருமுறைகூட என்னைத் தொட்டதில்லை. தொட்டால் எனக்கு ஏதாவது ஆகிவிடுமாம். என்மேல் அவளுக்கு அவ்வளவு உயிர்.