வீக்கம் மட்டுமே வடிந்தது

தலைமை ஏற்றிருக்கும் மஞ்சள் மண்டி தங்கசாமி அண்ணாச்சி அவர்களே, நெசவாளர் சங்கத்துப் பெரியவர்களே, தறியை நிறுத்திவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, திருச்சுழியிலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கும் பழைய மாணவர்களே, எல்லோருக்கும் முன்னால் சாரின் துணைவியார் லிங்கம்மாள் அக்கா அவர்களே! என் பெயர் சண்முகவேல். மருந்தாளுநர் படிப்புப் படித்தவன். மறைந்த வேதியியல் ஆசிரியர் அப்பய்யா சாரோடு சேர்ந்து எலி வளர்த்தவன். எனக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு முன் பேசிய எல்லோரும் விதி என்றார்கள். எது விதி? கன்னத்தில் புண் வந்ததா விதி? வந்த புண்ணை மஞ்சளால் மூடி வைத்ததா விதி?

சார் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர். தறியில் உட்கார்ந்தவன் பீடி பிடிக்க முடியாது, ஒரு பொறி பறந்தால் தறியில் பூட்டிய பாவு நூல் மொத்தமும் போய்விடும். அதனால் புகையிலையைக் கடைவாயில் அதக்கிக்கொள்வோம். இந்த மண்டபத்தில் இப்போதே எத்தனை கன்னம் உப்பியிருக்கிறது, பாருங்கள்! சார் தறியை விட்டார், வாத்தியாரானார், புகையிலையை விடவில்லை. ஆய்வுக்கூடத்தில் சாராய ஆவி இருக்கிறது, பீடி கூடாது என்பார். சொல்லிக்கொண்டே கடைவாயில் ஒரு துண்டைத் தள்ளுவார்.

எப்பேர்ப்பட்ட உழைப்பாளி அவர்! மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற சத்து தண்ணீரில் கரையாது, சாராயத்தில்தான் கரையும். அதற்கு அனுமதி கேட்டுப் போனால், “வாத்தியாரே, பள்ளிக்கூடத்துல காய்ச்சப் போறீரா?” என்று ஏட்டு கேட்டார். “காய்ச்சுனா மொத டம்ளர் உமக்குத்தான்யா” என்றார் சார். அப்படி அலைந்து திரிந்து அந்த மஞ்சள் படிகத்தைப் பிரித்தெடுத்தார். எலியின் பாதத்தில் கடல்பாசியிலிருந்து எடுத்த சரக்கை ஊசியில் ஏற்றி வீங்க வைப்போம். அந்தக் காலைப் பாதரசத்தில் முக்கி, மட்டம் எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்து வீக்கத்தை அளப்போம். குர்குமின் கொடுத்த எலிக்கு வீக்கம் வடிந்தது. கொடுக்காத எலிக்கு வடியவில்லை. அது உண்மை. அந்த உண்மையை இந்தக் காய்ந்த சீமையில் ஒரு பள்ளிக்கூட மேசைமேல் கண்டு காட்டியவர் அப்பய்யா! வாயால் தின்னக் கொடுத்தால் பெரும்பகுதி உடம்பில் ஒட்டாமல் புழுக்கையோடு மஞ்சளாகவே வெளியே வந்துவிடுகிறது என்றும் பார்த்தோம். அதுவும் உண்மை.

ஆனால் புற்று? புற்றை மஞ்சள் கொல்லுமா? தெரியாது. அதை நாங்கள் சோதித்துப் பார்க்கவே இல்லை. ஒருவேளை கொல்லலாம், என்றைக்காவது எவனாவது ஒழுங்காகச் செய்து காட்டலாம். இன்றைக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்வதில் என்ன கேவலம்?

போன ஆடியில் சாருக்குக் கன்னத்தின் உள்ளே புண். டவுனு டாக்டர் மதுரைக்குப் போகச் சொன்னார். சார் போகவில்லை. படிகத்தை நல்லெண்ணெயில் குழைத்துத் தடவினார். வீக்கம் வடிந்தது, வலியும் குறைந்தது. “பாத்தியாலே சம்முவேலு, எலி பொய் சொல்லலடா!” என்று சிரித்தார். நான் போங்கள் போங்கள் என்று சண்டை போட்டேன். “ஒனக்கு எதுலயும் அவசரம்லே” என்றார். தையில் கழுத்தில் கட்டி வந்தது. மதுரை டாக்டர் பார்த்துவிட்டு ஒன்றுதான் கேட்டார்: “ஆடியில வர வேண்டியவரு தையில வந்து நிக்கிறீரே, ஏன்யா?”

புரிகிறதா? புண்ணைச் சுற்றியிருந்த வீக்கம் வடிந்தது. உள்ளே புற்று வடியவில்லை. மருந்து வேலை செய்ததால்தான் அவர் ஏமாந்தார்! கடைசியில் நாக்கு அசையவில்லை, கஞ்சி இறங்கவில்லை. பாடம் நடத்தினால் மூன்று வகுப்புக்குக் கேட்கும் குரல், தண்ணீர் என்று கேட்கக்கூட வராமல் அடங்கியது. அதைக் கூடவே இருந்து பார்த்த லிங்கம்மாள் அக்காவிடம் போய் யாராவது விதி என்று சொல்லுங்கள் பார்ப்போம்!

சற்று முன் தலைவர் ஓர் அறிவிப்புச் செய்தார். ‘அப்பய்யா மஞ்சள் களிம்பு’ தயாராகும், வாய்ப்புண், புற்று இரண்டுக்கும் நல்லது, நெசவாளர்களுக்குப் பாதி விலை என்றார். நல்ல மனசு. ஆனால் வேண்டாம் அண்ணாச்சி. அந்தப் பெயரில் அந்தப் பொய் வேண்டாம். அண்ணாச்சி கையைக் காட்டுகிறார், “தம்பி, இது இரங்கல் கூட்டம்ப்பா” என்கிறார். தெரியும். அடுத்த இரங்கல் கூட்டத்துக்கு இங்கிருந்தே ஆள் பிடிக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

இதோ, தூணோரம் உட்கார்ந்திருக்கிறார் வேங்கடபதி அண்ணன். அக்காவின் உடன்பிறந்த தம்பி. அவர் வாய்க்குள்ளும் புண்; துண்டை எடுத்தால் உதடெல்லாம் மஞ்சளாக இருக்கும். இன்று காலை சார் வீட்டில் வைத்துக் கேட்டேன். “மாமாவுக்குப் போட்டது மிச்சம் இருந்துச்சு. போட்டேன், கேட்டுச்சு. இப்பத் தேவலைப்பா” என்றார். தேவலை! இதே நினைப்பில்தானே ஆடியில் சாரும் சிரித்தார்! மதுரைக்குக் கூப்பிட்டால், “பாவு பாதியில நிக்குது, அறுத்துட்டு வாரேன்” என்றார். அக்கா உள்ளேயிருந்து கத்தினார்: “பாவை நான் நெய்யிறேன், நீ கெளம்பு! ஒரு சாவு பாத்தது பத்தாதா எனக்கு?”

பெரியோர்களே! அப்பய்யா சார் விட்ட வேலையை நான் தொடர்வேன். எலியில் கண்டதை எலியில் கண்டதாகவே சொல்வேன். மனிதனுக்கு என்று ஒருபோதும் சொல்ல மாட்டேன். இது உறுதி. ஆனால் அது பிறகு பார்க்கும் வேலை. நாளைக் காலையில் முதல் மதுரை பஸ்ஸுக்கு ஸ்டாண்டில் நிற்பேன். அங்கே டாக்டரிடம் அண்ணன் வாயைத் திறந்து காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

மௌன அஞ்சலிக்கு எல்லோரும் எழுந்திருங்கள். அக்காவும் நிற்கிறார்.

வேங்கடபதி அண்ணே, நீங்கள் ‘வாரேன்’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சொன்ன பிறகு மௌனத்தைத் தொடங்குவோம்.