முதல் பாதி சொன்னவர்

மேடையில் அமர்ந்திருக்கும் பங்குச் சாமியார் அவர்களே, நாற்காலி போட்டும் உட்காராமல் தூணோரம் நிற்கும் நாட்டாண்மை அவர்களே, கன்னியர் மடத்துத் தாய்மார்களே, முந்திரிக்கொட்டை உடைக்கிற வேலையைப் பாதியில் விட்டு வந்திருக்கும் பெண்மக்களே, வேறு சாமி கும்பிட்டாலும் எங்கள் உபதேசியாருக்காகச் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் பக்கத்து ஊர்ப் பெரியவர்களே, உங்கள் எல்லோருக்கும் இந்தச் சவரிமுத்துவின் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசிய வாத்தியார் காகிதம் வைத்துக்கொண்டு பேசினார். அழகாகப் பேசினார். என் கையில் காகிதம் இல்லை. இருந்தாலும் எனக்குப் படிக்கத் தெரியாது, நான் கைநாட்டு. ஆனால் எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கு மறதி என்கிற வசதி கிடையாது. எழுதி வைத்தவன் மறக்கலாம். நான் எங்கே மறப்பது?

சாமியாருக்குத் துணையாக இந்தக் கோயிலில் செபம் நடத்திவந்த, மறைந்த உபதேசியார் இராயப்பர் என் தங்கை அருளாயியின் கணவர். எனக்கு மாப்பிள்ளை, அவருக்கு நான் மச்சான். அவர் நல்லவர் என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள். பொறுமைசாலி என்று சொல்லிவிட்டார்கள். எல்லாம் உண்மை. ஆனால் அவரைப் பார்த்துப் பொறாமைப்பட்டவன் ஒருவன் பேச வேண்டாமா? ஒரு மனிதனின் உயரத்தை அவனைப் பார்த்து வயிறு எரிந்தவனைவிட வேறு யார் சரியாக அளந்திருப்பார்கள்? அந்த ஆள் நான்தான். பொறாமைப்பட்டவன் என்று சொன்னேனே, அது பழைய கதை என்று நினைத்துவிடாதீர்கள். அதோ அந்தப் படத்துக்குப் போட்டிருக்கும் சம்பங்கி மாலையைப் பார்த்துக்கொண்டே பேசுகிறேன். இன்றைக்கும் எரிகிறது.

எதற்குப் பொறாமை? நிலத்துக்கா? அவருடையது என்னுடையதைவிடச் சின்னக் கொல்லை. வீட்டுக்கா? ஒரே மாதிரி ஓட்டு வீடு. பின்னே எதற்கு? முதல் பாதிக்கு!

வேறு சாமி கும்பிடும் பெரியவர்களுக்காகச் சொல்கிறேன். நாங்கள் செபமாலை சொல்லும்போது மாலையில் கோத்த ஒவ்வொரு மணிக்கும் ஒரு செபம். 'அருள் நிறைந்த மரியே' என்று தொடங்குவது அந்தச் செபம். அதை ஒரே ஆள் முழுக்கச் சொல்வதில்லை. முன்னால் முழந்தாளிட்டிருப்பவர் மாதாவை வாழ்த்தி முதல் பாதியைச் சொல்லுவார். பின்னால் இருக்கும் சனமெல்லாம் சேர்ந்து, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும், இப்பொழுதும் எங்கள் மரண நேரத்திலும் என்று மறுபாதியைச் சொல்லி முடிக்கும். முதல் பாதி ஒருவர் வாய்க்கு. மறுபாதி ஊர் வாய்க்கு. இதுதான் முறை.

எங்கள் இரண்டு பேருக்கும் சின்ன வயதில் ஒரே நாளில்தான் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, கொடுத்தார்கள். அந்தக் காலத்துச் சாமியார் எங்களை நிறுத்திவைத்து மந்திரம் கேட்டார். நான் ஒரு சொல் பிசகாமல் சொன்னேன். இராயப்பர் விசுவாசப் பிரமாணத்தில் பாதியில் நின்று தலையைச் சொறிந்தார். குரலும் எனக்குத்தான் கணீரென்று இருக்கும். அப்படியிருந்தும் வளர்ந்த பிறகு உபதேசியார் வேலை யாருக்குப் போனது? எழுத்துத் தெரிந்தவருக்குப் போனது. ஆயரின் சுற்றறிக்கையைப் படிக்க ஆள் வேண்டுமாம். அன்று முன்னால் முழந்தாளிட்டவர் அவர். பின்னால் முழந்தாளிட்டவன் நான். அரியலூரைத் தனி மாவட்டமாக்கினார்கள், பிறகு மறுபடியும் பெரம்பலூரோடு கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். சர்க்காரே இரண்டு தரம் மனசு மாறியது. எங்கள் கோயிலில் முழந்தாள் போட்ட இடம் மட்டும் மாறவே இல்லை.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். அவர் கேட்டால் கிடைக்கிறதே! அதை எப்படிப் பொறுப்பது?

மழை இல்லாத ஒரு வருடம். மாதா சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு கொல்லைவெளியெல்லாம் மன்றாட்டு சொல்லிச் சுற்றி வந்தோம். முதல் பாதி அவர், மறுபாதி நாங்கள். அன்று சாயங்காலமே மழை வந்தது. எப்படி வந்தது தெரியுமா? வண்டிப்பாதைக்குக் கிழக்கே கொட்டியது. அங்கே அவர் சோளம். பாதைக்கு மேற்கே ஒரு பொட்டுத் தூறல் இல்லை. அங்கே என் கடலை. நான் பாதையில் நின்றுகொண்டு, "மாப்ளே, ஒங்க சாமிக்கு வண்டிப்பாதைக்கு மேக்க கண்ணு தெரியாதா?" என்று கேட்டேன். அவர் நனைந்த துண்டைப் பிழிந்துகொண்டே, "சாமிக்குத் தெரியும் மச்சான். மேகத்துக்குத்தான் தெரியல" என்றார். அந்த வருடம் என் மாடுகள் அவர் கொல்லைச் சோளத்தட்டையைத் தின்றுதான் பிழைத்தன. அவரே கட்டித் தூக்கிக்கொண்டு வந்து போட்டார். அதையும் நான் பொறாமையோடுதான் வாங்கி வைத்தேன்.

இங்கே ராசாங்கம் உட்கார்ந்திருக்கிறார். கல்லங்குறிச்சி பெருமாளுக்கு வருடம் தவறாமல் போகிறவர். அவர் பசு காணாமல் போனபோது எங்கள் உபதேசியாரிடம் வந்து, ஒங்க சாமிகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்க என்றார். உபதேசியார் சொல்லி வைத்தார். பசு திரும்பி வந்தது. ராசாங்கம் வீட்டுக்கா வந்தது? உபதேசியார் வீட்டு வாசலில் வந்து நின்றது! இல்லையா ராசாங்கம்? பாருங்கள், தலையாட்டுகிறார். இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தால் பக்கத்து வீட்டுக்காரனுக்கு வயிறு எரியுமா, எரியாதா?

சிரித்தீர்கள். சிரிக்கத்தான் சொன்னேன். இனிச் சொல்லப்போவது வேறு.

என் மனைவி பெரியநாயகம் வயிற்றில் கட்டி வந்து படுத்தாள். தஞ்சாவூர்ப் பெரியாஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அப்போது நான் உபதேசியாரைக் கூப்பிடவில்லை. அவர் வந்து செபித்து அவளுக்குச் சுகமாகிவிட்டால் அது அவர் கணக்கில் அல்லவா போகும்? என் பெண்டாட்டியை நான்தான் கேட்டு வாங்க வேண்டும் என்று இருந்தேன். ஏலாக்குறிச்சிக்கு நடந்தேன். வேளாங்கண்ணிக்குப் போய் மொட்டை போட்டேன். எங்கேயாவது குகை போலக் கட்டிய மாதா கெபியில் மெழுகுவத்தி எரிகிறது என்று கேள்விப்பட்டால் அங்கே போய் நின்றேன். ஒரு கோயிலிலிருந்து திரும்பி வந்து, கால் கழுவி, அடுத்த கோயிலுக்குப் புறப்படுவேன். அவள் படுத்த இடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஒருநாள் நான் பையை எடுத்தபோது, "அண்ணனக் கூப்புடுங்க" என்றாள். அவள் அண்ணன் என்பது உபதேசியாரை. எனக்கு எப்படி இருந்திருக்கும்? இத்தனை கோயில் நடந்தவன் நான் நிற்கிறேன், அண்ணனைக் கூப்பிடு என்கிறாள். கூப்பிட்டேன். வந்தார். அவளிடம் தனியாகக் கொஞ்சம் பேச வேண்டும் என்றார். நான் வெளியே நின்றேன். பிறகு அக்கம்பக்கத்தாரும் வந்து சேர, கட்டிலுக்குப் பக்கத்தில் எல்லோரும் முழந்தாளிட்டோம்.

நான் ஒரே ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தேன். 'சுகம்' என்ற சொல்லுக்காக. பசுவுக்குக் கேட்டவர், மழைக்குக் கேட்டவர், இவளுக்குக் கேட்க மாட்டாரா? அவர் கேட்கவில்லை. இவளைக் கொடுத்ததற்காக ஆண்டவருக்கு நன்றி சொன்னார். இவளுக்குப் பயம் இல்லாமல் இருக்கட்டும் என்றார். கடைசியில், "ஆண்டவரே, இந்த மகளின் கணவர் சவரிமுத்துவின் கால்களை இந்த வீட்டுக்குள் நிறுத்தியருளும்" என்று சொல்லிச் சிலுவை போட்டுவிட்டு எழுந்தார்.

என் கால்களையா! நோவு வயிற்றில் இருக்கிறது, இவர் என் கால்களுக்கு மன்றாடுகிறார்! வாசலைத் தாண்டியதும் அவர் தோளைப் பிடித்துத் திருப்பினேன். மாட்டுக்குக் கேட்ட வாய்க்கு என் பெண்டாட்டிக்குக் கேட்க வரவில்லையா என்று கேட்டேன். இன்னும் என்னென்னவோ கேட்டேன். தெருவே பார்த்தது. அவர் கோபப்படவில்லை. கொஞ்சம் தள்ளி, மாட்டுக்கொட்டகைப் பக்கம் என்னை அழைத்துப்போய்ச் சொன்னார்:

"மச்சான், அதுக்கு சொகம் வேணும்னு நான் தெனமும் கேக்கறேன். இன்னிக்கும் கேட்டுட்டுத்தான் வந்தேன். கேக்கறதும் செபந்தான், நான் இல்லேங்கல. ஆனா இன்னிக்கு அது என்னைய கூப்புட்டது வேற ஒண்ணு கேக்கறதுக்கு. 'அண்ணே, சொகம் கேட்டாச்சு, சாமிக்கும் காது இருக்கு. இந்த மனுசன் எனக்காக சாமியோட மல்லுக்கு நிக்கறாரு, நான் இங்க ஒத்தையில கெடக்கறேன். அவரு எங்கிட்ட வந்து ஒக்காரணும்னு கேளுங்கண்ணே'ன்னுச்சு. அதத்தான் கேட்டேன்."

ஐயா, அம்மா, நீங்களே சொல்லுங்கள். இதைக் கேட்ட எனக்கு முதலில் என்ன வந்திருக்கும்? அழுகையா? இல்லை. பொறாமைதான் வந்தது. என்னைப் பற்றி அவள் கேட்ட செபத்தை என்னிடம் சொல்லாமல் இந்த மனிதனிடம் சொல்லியிருக்கிறாளே! என் பெண்டாட்டி மனசின் முதல் பாதியும் இவருக்கா போக வேண்டும்?

ஆனால் அன்றைக்குப் பையை ஆணியில் மாட்டினேன். அப்புறம் எடுக்கவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். கஞ்சி ஆற்றிக் கொடுத்தேன். எங்கள் கல்யாணத்தில் யார் யார் பந்தியில் சண்டை போட்டார்கள் என்று அவள் கேட்கக் கேட்கச் சொன்னேன். சிரித்தாள். வலியிலும் சிரித்தாள். அவள் கண் மூடியபோது அவள் கை என் கையில் இருந்தது. நான் நடந்து நடந்து கேட்டது கிடைக்கவில்லை. அவள் படுத்தபடி கேட்டது கிடைத்தது. செபம் எதற்கு என்று சாமியார் பிரசங்கத்தில் பல தரம் சொல்லியிருக்கிறார். கேட்டதைக் கொடுக்க வைப்பதற்கு மட்டுமா அது? இருக்க வேண்டிய இடத்தில் நம்மைக் கொண்டுவந்து உட்கார வைப்பதற்கும்தான் என்று எனக்கு அந்தக் கட்டிலோரம்தான் புரிந்தது. புரிய வைத்தவர் இராயப்பர். அதற்கும் சேர்த்துத்தான் அவர் மேல் பொறாமை.

இப்போது அவருடைய கட்டிலுக்கு வருகிறேன்.

போன மாதம் அவருக்கு மூச்சு முட்டத் தொடங்கியது. ஒருநாள் மத்தியானம் தங்கை அருளாயி ஆள் அனுப்பினாள். போனேன். வீடு நிறையப் பெண்கள். செபமாலை அவர் கையில் இருந்தது, ஆனால் வாய் திறக்க முடியவில்லை. அருளாயி என்னைப் பார்த்து, "அண்ணே, நீ ஆரம்பி" என்றாள்.

எத்தனை வருடமாகக் காத்திருந்த இடம்! முன்னால் முழந்தாளிட்டேன். தொண்டையைச் சரிசெய்துகொண்டேன். வாய் திறந்தேன். என்ன வந்தது தெரியுமா? முதல் பாதி வரவில்லை. மறுபாதிதான் வந்தது! வாழ்த்தாமலே வேண்டிக்கொள்ளும் என்று தொடங்கிவிட்டேன். பிறந்ததிலிருந்து பதில் சொல்லியே பழகிய வாய். முதல் பாதி எனக்குத் தெரியாதா? தூக்கத்தில் எழுப்பினாலும் தெரியும். ஆனால் நாக்கு அந்தப் பக்கம் திரும்ப மாட்டேன் என்கிறது. சின்னப் பெண்கள் சிரிப்பை அடக்கியது எனக்குக் கேட்டது. நான் பாட்டுக்கு 'எங்கள் மரண நேரத்திலும்' வரைக்கும் போய் நின்றேன். என்ன செய்வதென்று தெரியவில்லை.

அப்போது கட்டிலிலிருந்து ஒரு குரல். நூல் போல ஒரு குரல். 'அருள் நிறைந்த மரியே' என்றது.

இராயப்பர்! மூச்சுக்குப் போராடிக்கொண்டிருந்த மனிதர்! சாகக் கிடக்கும்போதும் முதல் பாதியை எனக்கு விட்டுக்கொடுக்க மாட்டேன் என்கிறார்! அவர் நிறுத்த, நான் மறுபாதியைச் சொன்னேன். நான் நிறுத்த, அவர் முதல் பாதியைச் சொன்னார். பெண்களெல்லாம் சும்மா இருந்துவிட்டார்கள். அருளாயி, "அவங்க ரெண்டு பேரும் சொல்லட்டும், வுடுங்கடி" என்றாள்.

நடுவில் ஒரு தரம் என்னைக் கிட்டே கூப்பிட்டார். குனிந்தேன். "மச்சான், எனக்கு ஒன்மேலதான் பொறாமை" என்றார். எதற்கு என்றேன். "வீட்டுல ஒத்தையில சொல்லிப் பார்ப்பேன். பாதியிலயே நின்னு போவுது. முடிக்க எனக்குப் பழக்கமில்ல. நீ பின்னாடி முடிப்பேங்கற தைரியத்துலதான் இத்தன வருசம் ஆரம்பிச்சேன்" என்றார்.

மறுபடியும் தொடங்கினார். நானும் தொடர்ந்தேன். ஒரு மணியில் நான் என் பாதியைச் சொல்லி முடித்துவிட்டுக் காத்திருந்தேன். அடுத்த பாதி வரவில்லை. இன்னும் கொஞ்சம் காத்திருந்தேன். அருளாயி அவர் கையிலிருந்து செபமாலையை எடுத்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

இப்படி ஒரு சாவைப் பார்த்துப் பொறாமைப்படாமல் இருக்க முடியுமா? 'மரண நேரத்திலும்' என்று ஊரே அவருக்காக எத்தனை வருடம் கேட்டதோ, அது அப்படியே கிடைத்துவிட்டது. இன்னொன்றும் இருக்கிறது. இந்நேரம் அவர் அங்கே பெரியநாயகத்தைப் பார்த்திருப்பார். எனக்கு முன்னால் பார்த்திருப்பார். "வாங்கண்ணே" என்று அவள் முதலில் அவரைத்தான் கேட்டிருப்பாள். அதிலும் முதல் பாதி அவருக்கு!

பெரியோர்களே, இது அக்டோபர் மாதம், மாதாவின் செபமாலை மாதம். இந்தக் கூட்டம் முடிந்ததும் செபமாலை. இனிமேல் முதல் பாதியை நீங்கள் சொல்லுங்கள் சவரிமுத்து என்று சாமியார் காலையில் என்னிடம் கேட்டார். மேடையில் பதில் சொல்கிறேன் என்று சொல்லியிருந்தேன். வாழ்நாள் முழுக்க ஏங்கிய இடத்தை இன்று தட்டில் வைத்து நீட்டுகிறார்கள். வாங்கப் பயமாக இருக்கிறது. எனக்குப் பின்னால் முடிக்க இராயப்பர் இல்லையே, நான் யார் தைரியத்தில் தொடங்குவேன் என்று பார்க்கிறேன்.

பார்த்துவிட்டேன். இத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

சரி சாமி, சொல்கிறேன். அவர் போன வீடுகளுக்குப் போவேன். நோயாளியைப் பார்த்தால், உங்களுக்காக என்ன கேட்க வேண்டும் என்று முதலில் அவரையே கேட்பேன். ராசாங்கத்தின் மாடு காணாமல் போனாலும் கேட்பேன். அது யார் வாசலில் வந்து நின்றாலும் நின்றுவிட்டுப் போகட்டும். பொறாமையையும் கூடவே கூட்டிக்கொண்டுதான் வருவேன், அதை விட்டுவிட்டு வர எனக்குத் தெரியாது. இது நான் என் மாப்பிள்ளைக்குக் கொடுக்கும் வாக்கு.

எல்லோரும் எழுந்து நில்லுங்கள். முழந்தாளிட முடிந்தவர்கள் முழந்தாளிடுங்கள். வாய் பிசகினால் சிரியுங்கள், பரவாயில்லை. ஆனால் நான் நிறுத்துகிற இடத்தில் என்னை ஒத்தையாக விட்டுவிடாதீர்கள்.

அருள் நிறைந்த மரியே...